ஆய்விதழ்கள்: உழைப்பு யாருடையது, பணம் யாருக்கு?

கல்லூரி வேலைக்கும் பதவி உயர்வுக்கும் போகும் ஒவ்வொருவரும் சந்திக்கும் கேள்வி, ‘பேப்பர் போட்டாச்சா?’ என்பதுதான். அந்தப் பேப்பர் எழுதி அனுப்பியதிலிருந்து வெளிவரும் வரை எத்தனை பேர் கையைக் கடக்கிறது, அவர்களில் யாருக்குக் கூலி உண்டு, யாருக்கு இல்லை என்பது ஆய்வு மாணவர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தவறான நம்பிக்கைகள் குடியேறிவிடுகின்றன. அவற்றுக்கான விலையை மாணவர்களும் நூலகங்களும் வரி கட்டும் மக்களும் கொடுக்கிறார்கள்.

நம்பிக்கை 1: வார இதழில் கதை வந்தால் சன்மானம் வருவதுபோல, ஆய்விதழில் எழுதினாலும் பணம் வரும்.

உண்மை: வராது. 1665இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கியபோது, ‘இதை முதலில் கண்டறிந்தவர் இவர்’ என்ற பெயர்தான் எழுதியவருக்குப் பலன். இன்றும் அதுவே பலன். ஆனால் அதைச் சுற்றிப் பெரிய வணிகம் வளர்ந்துவிட்டது. ஆய்வுக்குப் பெரும்பாலும் அரசு பணம் தருகிறது; ஆய்வாளருக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது. சந்தா இதழில் வெளிவர வேண்டுமானால் பதிப்புரிமையைப் பெரும்பாலும் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அதே கட்டுரையைப் படிக்க அதே பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டுகிறது.

நம்பிக்கை 2: கட்டுரைகளைச் சரிபார்க்கும் நிபுணர்கள் பதிப்பகத்தின் சம்பளக்காரர்கள்.

உண்மை: அநேகமாக எல்லாத் துறைகளிலும் மதிப்பாய்வாளர்கள் கூலி வாங்காத பேராசிரியர்களும் ஆய்வாளர்களும்தான். வேலையோ சாதாரணமானதல்ல. அட்டவணையில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, எடுத்த மாதிரிகள் போதுமா, மேற்கோள் காட்டிய பழைய கட்டுரை உண்மையில் அதைத்தான் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, குறைகளை வரிசையாக எழுதித் தர வேண்டும். கட்டுரை திருத்தப்பட்டு வந்தால் மறுபடியும் உட்கார வேண்டும். ஒரு மதிப்பாய்வுக்கு ஐந்தாறு மணி நேரம் போய்விடும். வகுப்பும் விடைத்தாள் திருத்தலும் முடிந்த பிறகு, இரவிலும் விடுமுறையிலும்தான் இதற்கு நேரம் கிடைக்கிறது.

இந்த உழைப்பைக் கணக்கிட்டு 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலக ஆய்வாளர்கள் மதிப்பாய்வுக்குச் செலவிட்டது 10 கோடி மணி நேரத்துக்கும் அதிகம். தொடர்ச்சியாகச் சேர்த்தால் 15,000 ஆண்டுகளைத் தாண்டும். அமெரிக்க மதிப்பாய்வாளர்களின் நேரத்துக்கு மட்டும் சம்பளக் கணக்குப் போட்டால் 150 கோடி டாலருக்கும் மேல் வருகிறது. இந்தத் தொகை எந்தப் பதிப்பகத்தின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நம்பிக்கை 3: இப்போது அச்சு, காகிதம், தபால் எதுவும் இல்லை. இணையத்தில் ஏற்றுவதற்கு என்ன செலவு?

உண்மை: செலவு உண்டு. பதிப்பு வேலையில் கணிசமான பங்கு நம் ஊர்களில்தான் நடக்கிறது. பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் பலவற்றுக்கு டைப்செட்டிங்கும் காப்பி எடிட்டிங்கும் சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள நிறுவனங்களில் ஷிஃப்ட் முறையில் நடக்கின்றன. ஆய்வாளர் அனுப்பிய வேர்ட் கோப்பை எக்ஸ்எம்எல் ஆக்க வேண்டும். கட்டுரையின் கடைசியில் உள்ள ஒவ்வொரு மேற்கோளையும் ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று பிரித்துக் குறியிட வேண்டும். சமன்பாடுகளில் ஒரு கீழ்க்குறிகூட நழுவக் கூடாது.

பிறகு ப்ரூஃப் ஆய்வாளருக்குப் போகும். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் பதில் கேட்பார்கள். கூடவே வரும் கேள்விப் பட்டியலில், ‘இயற்பெயரும் குடும்பப் பெயரும் சரியாகப் பிரிக்கப்பட்டுள்ளனவா?’ என்ற கேள்வி வழக்கமாக இருக்கும். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் தமிழர்களுக்கு இது முக்கியமான கேள்வி. அப்பா பெயரும் சொந்தப் பெயரும் ஒரு கட்டுரையில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் பதிவானால், ஒரே ஆளின் கட்டுரைகள் தரவுத்தளத்தில் இரண்டு பேர் கணக்கில் சிதறிவிடும். இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்பவரின் பெயர் பெரும்பாலும் அந்தக் கட்டுரையில் எங்கும் வராது. கட்டுரை வெளிவந்த பிறகும் டிஓஐ எனும் நிரந்தர அடையாள எண் பதிவு, நீண்டகாலச் சேமிப்பு, பிழை தெரிந்தால் திருத்தம் என்று வேலை தொடர்கிறது. ‘இணையத்தில் போட என்ன செலவு?’ என்று கேட்பது இத்தனை பேரின் உழைப்பையும் இல்லை என்று சொல்வதாகும்.

நம்பிக்கை 4: அப்படியானால் பதிப்பகம் கேட்கும் விலை, செலவுக்கு ஏற்ற விலைதான்.

உண்மை: இல்லை. ஒரு கட்டுரையை வெளியிடும் வேலைகளுக்கான சந்தை விலையைக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் கிராஸ்மனும் பிரெம்ஸும், சராசரிச் செலவு சுமார் 400 டாலர் என்று 2021இல் எழுதினார்கள். வரும் கட்டுரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் நிராகரிக்கும் இதழ்களுக்கே சுமார் 1,000 டாலர்தான் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. அதே 2021இல், கட்டுரையை எல்லோருக்கும் திறந்து வெளியிட ‘நேச்சர்’ இதழ் வைத்த கட்டணம் 9,500 யூரோ. ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்சேவியரின் தாய் நிறுவனம் ரெலெக்ஸ், தன் அறிவியல், மருத்துவப் பதிப்புப் பிரிவில் 2023இல் ஈட்டிய வருவாய் 300 கோடி பவுண்டுக்கு மேல். இயக்க லாபம் அதில் சுமார் 38 சதவீதம்.

எல்சேவியர் வெளியிடும், மூளைப் படவியல் துறையின் முன்னணி இதழான ‘நியூரோஇமேஜ்’ கட்டுரைக்கு 3,450 டாலர் வாங்கிவந்தது. அதைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் குழு கேட்டது. எல்சேவியர் மறுத்ததால், 2023 ஏப்ரலில் 40க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் மொத்தமாக விலகி, எம்ஐடி பிரஸ் வழியாக ‘இமேஜிங் நியூரோசயின்ஸ்’ என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். இதழின் மதிப்பு அதற்காக உழைப்பவர்களிடம் இருக்கிறது என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள்.

நம்பிக்கை 5: ஸ்கோபஸில் இருந்தால் அரசாங்க முத்திரை பெற்ற மாதிரி.

உண்மை: ஸ்கோபஸ் என்பது எல்சேவியர் 2004இல் தொடங்கிய வணிகத் தரவுத்தளம். இதழ்களை விற்கும் நிறுவனமே இதழ்களை அளக்கும் கோலையும் விற்கிறது. அதில் இடம்பெற்றிருப்பது ஒரு தகவல். தர உத்தரவாதம் ஆகாது. ஸ்கோபஸில் இருந்த பல இதழ்களை வெளியிட்ட ஹிந்தாவி நிறுவனத்தின் கட்டுரைகளில் 8,000க்கும் மேற்பட்டவை 2023இல் மட்டும் திரும்பப் பெறப்பட்டன.

நம்பிக்கை 6: ஓபன் ஆக்சஸ் என்றால் எல்லாருக்கும் இலவசம்.

உண்மை: படிப்பவருக்கு இலவசம். பல இதழ்களில் அந்தச் செலவு கட்டுரைக் கட்டணமாக எழுதுபவர் தலையில் விழுகிறது. மானியம் இல்லாத ஆய்வு மாணவர் கைக்காசைப் போடுகிறார். பேப்பர் போட வேண்டிய அவசரத்தைத்தான் ‘மூன்றே நாளில் வெளியீடு’ என்று மின்னஞ்சல் அனுப்பும் போலி இதழ்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. இரு பக்கமும் கட்டணம் இல்லாத வழியும் இருக்கிறது. பிரேசிலில் தொடங்கி லத்தீன் அமெரிக்காவில் பரவிய சைலோ என்ற இதழ்த் தளம் பொது நிதியில் வளர்ந்தது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி ‘பிரமாணா’ உள்ளிட்ட தன் இதழ்களில் எழுதக் கட்டணம் கேட்பதில்லை.

நம்பிக்கை 7: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டது. இனி சிக்கல் இல்லை.

உண்மை: 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்தத் திட்டத்தால், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. சிறிய ஊரின் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய கதவு. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ஏராளமானோர் படிக்கும் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. இது சந்தா; கட்டுவது நின்றால் வாசலும் அடைபடலாம்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் இதழின் ஆசிரியர் குழுவையும் பழைய இதழ்களையும் நீங்களே பாருங்கள். ஏற்கப்பட்ட பிரதியை உங்கள் நிறுவனக் களஞ்சியத்தில் வையுங்கள். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இலேயே தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு இதைக் கொள்கையாக்கிவிட்டன. துணைவேந்தர்களுக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒன்று: ஆசிரியர் செய்யும் மதிப்பாய்வைப் பணிநேரமாகவும் பதவி உயர்வுக்குரிய வேலையாகவும் கணக்கில் எடுங்கள். பேப்பர் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வரை, நம் ஆய்வாளர்களின் உழைப்பும் மக்கள் வரிப்பணமும் பதிப்பகங்களின் லாபமாகவே போய்ச் சேரும்.