தோட்டத்து நாய் குரைத்தால் போதும்

கடலை விழுது இறங்கிக் காய் பிடிக்கும்போதும், மக்காச்சோளம் பால் பிடிக்கும்போதும் நம் உழவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரும். "பன்னி தாங்க முடியல, நல்ல வேட்டை நாயா ரெண்டு வாங்கிப் போடலாமா? எந்த ஜாதி வாங்கறது? துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டா கிடைக்குமா?" இந்த மூன்றுக்கும் சேர்த்தே இந்தப் பாடம். முதல் கேள்விக்கான பதிலை இப்போதே சொல்லிவிடலாம். நாய் அவசியம் வேணும், ஆனா வேட்டை நாய் வேண்டாம்.

காட்டுப்பன்றிக்குக் கண் பார்வை மட்டம். மூக்குதான் அதுக்கு எல்லாம். இருட்டிய பிறகு, பழகிய ஒரே தடத்தில், கூட்டமாக வரும். கடலை, மக்காச்சோளம், கரும்பு, குச்சிக்கிழங்கு இதுக்கு மட்டும்தான் வருதுன்னு நினைக்காதீங்க. மண்புழுவைத் தேடியும் மண்ணைப் பறிக்கும். ரசாயனம் போடாத, மூடாக்குப் போட்ட நம்ம வரப்புகள்ல புழு அதிகம். அதனால பக்கத்துத் தோட்டத்தைவிட நம்ம வரப்பை அதிகமாகக் கிளறினால் ஆச்சரியமில்லை. மண் நல்லா இருக்குன்னு பன்றி தர்ற சான்றிதழ்னு வேணும்னா வெச்சுக்கலாம்!

சேலை வேலி, வெடிச் சத்தம், உறுமல் ஒலிபெருக்கி எல்லாத்துக்கும் பன்றி சில நாளில் பழகிவிடும். அதில் ஆபத்து இல்லை என்று தெரிந்தால் பக்கத்திலேயே நின்று மேயும். நாயிடம் இப்படிப் பழகுவது கடினம். இடம் மாறி மாறிக் குரைக்கும், மணம் பிடித்து முன்கூட்டியே குரைக்கும். குரைப்பதோடு ஆளையும் எழுப்பிவிடும். தோட்டத்து நாய்க்கு நாம் கொடுக்கும் வேலை அவ்வளவுதான்.

கிடை போடும் கீதாரிகளைப் பாருங்க. ராத்திரி முழுக்க ஆட்டைச் சுற்றிக் கிடக்கும் அந்த நாய்கள் நரியைத் துரத்திக்கொண்டு அரை மைல் ஓடுவதில்லை. ஓடினால் மறுபக்கம் ஆடு போய்விடும். வட்டத்துக்குள் நின்று குரைக்கும், நரி விலகினால் திரும்பிப் படுக்கும். நமக்குத் தேவை இந்தக் குணம்.

வேட்டை நாய் ஏன் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. துரத்திப் பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, இரை வைத்து இழுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். 2022இல் சட்டத்தைத் திருத்திய பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணை. முயலும் காக்கப்படும் உயிர்தான். திருவிழா வேட்டை, முயல் வேட்டை என்று நாயோடு போய் வழக்கு வாங்குகிறவர்களை வருஷா வருஷம் செய்தித்தாளில் பார்க்கிறோம். "காலங்காலமா பண்றோம்" என்பதை நீதிமன்றம் ஏற்காது.

இரண்டாவது காரணம் நம் தோட்டம் சம்பந்தப்பட்டது. ஓடுவதையெல்லாம் பிடிக்கப் பழகிய நாய் பன்றியோடு நிற்காது. கீரி, உடும்பு, சாரைப்பாம்பு, நரி என்று எல்லாவற்றையும் கொல்லும். இவைதான் நமக்குச் சம்பளம் வாங்காமல் எலி பிடிக்கும் ஆட்கள். எலி மருந்து வைக்காத தோட்டத்தில் இவை போனால் நெல்லிலும் கடலையிலும் அடுத்த போகமே நஷ்டம் தெரியும். பன்றியோடு நேருக்கு நேர் மோதும் நாய்க்கும் கதி மோசம். கோரைப்பல் கிழித்த காயம் மேலே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். மஞ்சள் அப்பிவிட்டு இருந்துவிடக் கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகணும்.

எந்த நாய் நல்லது?

நம்ம தென்மாவட்டங்கள் நாய்க்குப் பேர் போனவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஊர்ப்பேரே நாய்ப்பேரானது பல. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். பெருமை இருக்கட்டும், தோட்டத்துக்குப் பொருந்துமா என்று தனியாகப் பார்க்கணும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் வேட்டையாடும் ஓட்ட நாய்கள். ஒல்லி உடம்பு, நீளக் கால், மெல்லிய தோல். முயல் ஓடுவது கண்ணில் பட்டால் நம் குரல் அதன் காதில் ஏறாது. வேலிக் கம்பியில் தோல் கிழித்துக்கொண்டு வரும். விசுவாசமான நாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து ஏக்கர் கடலைக்குக் காவல் என்றால் அதன் குணத்துக்கே எதிரான வேலையைக் கொடுக்கிறோம். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கு ஏற்றவை. கோம்பை கட்டையான உடம்பு, முரட்டுத் துணிச்சல். ஆனால் அந்தத் துணிச்சல்தான் பன்றி மேலே பாயவும் வைக்கும். அதனால் பழக்குவதற்கு நேரமும் பொறுமையும் உள்ளவர்கள்தான் வாங்கணும். ராஜபாளையத்தில் வெள்ளைக் குட்டிகள் சில பிறவியிலேயே காது கேளாமல் இருக்கும். குட்டி தூங்கும்போது, அது பார்க்காத பக்கமிருந்து கை தட்டிப் பாருங்க. காது அசையலைன்னா காவலுக்கு உதவாது.

என்னைக் கேட்டால், முக்கால்வாசிப் பேருக்கு ஊர் நாயே போதும். கிடைத்ததைச் சாப்பிடும், நம்ம வெயிலுக்குப் பழகினது, சின்னச் சத்தத்துக்கும் எழுந்து குரைக்கும். நல்ல காவல் நாய் உள்ள தோட்டத்தில் பிறந்த குட்டியாகப் பார்த்து, ஏழெட்டு வாரத்தில் தாய்ப்பால் மறந்த பிறகு எடுத்து வாங்க. ஒன்று தனியாக இருந்தால் பயப்படும். இரண்டு நல்லது. நாலைந்து சேர்ந்தால் கூட்டமாகி, ராத்திரி பக்கத்துப் பட்டி ஆட்டைக் கடிக்கக் கிளம்பும். பெட்டையானால் கருத்தடை செய்துவிடுங்க. இல்லையென்றால் பருவத்துக்கு வரும்போது ஊரில் உள்ள கடுவன் எல்லாம் நம்ம வயலில்தான் சண்டை போடும், பாத்தி பூரா மிதிபட்டுப் போகும்.

பழக்கும் விதம்

குட்டி வந்த முதல் வாரமே கோழி, ஆடு, கன்றுக்குட்டி நடுவில் விடுங்க. விளையாட்டுக்குக் கோழியைத் துரத்தினாலும் அங்கேயே அதட்டி நிறுத்தணும். "குட்டிதானே" என்று சிரித்தால் ஆறு மாசத்தில் அதே நாய் கோழியை வாயில் கவ்விக்கொண்டு வந்து நிற்கும். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து, வரப்பு ஓரமாகவே ஒரு சுற்று. இரண்டு மூன்று மாசம் இப்படி நடந்தால் நம் எல்லை எது என்று அதற்குப் பிடிபட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம், கூப்பிட்டால் திரும்பி வருவது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் கையில் ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுங்க. லேட்டா வந்தாலும் அடிக்கக் கூடாது. அடித்தால் 'வந்தால் அடி விழும்' என்றுதான் கற்றுக்கொள்ளும். பன்றியைப் பார்த்துக் குரைத்து எல்லை வரை போன நாய், ஒரு குரலில் திரும்பினால் அது தேறிய நாய். முயலையோ மயில் குஞ்சையோ பிடித்து வந்தால் தட்டிக்கொடுக்காதீங்க, அந்தக் கறியைப் போடவே போடாதீங்க.

படுக்கை எங்கே போடுவது என்பதில் பலரும் கவனம் வைப்பதில்லை. பன்றித் தடம் எந்தப் பக்கமோ, அங்கிருந்து காற்று நாய் இருக்கும் பக்கம் வீசணும். அப்போதுதான் மணம் முன்கூட்டியே கிடைக்கும். ஆடியில் மேற்கிலிருந்து காற்று, கார்த்திகையில் வாடை. காற்று மாறும்போது குடிசையையும் மாற்றுங்க. நாலு கம்பு ஊன்றி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, தென்னங்கீற்று போட்டால் செலவே இல்லை.

சங்கிலியில் பகல் பூரா கட்டிப்போட்ட நாய் வெறி பிடித்த மாதிரி ஆகும், எதைப் பார்த்தாலும் குரைக்கும். பன்றிக் குரைப்புக்கும் வெறும் குரைப்புக்கும் நமக்கே வித்தியாசம் தெரியாமல் போய்விடும். மிருகவதைத் தடுப்புச் சட்டமும் (1960) கட்டிப்போட்ட நாயை நடத்திக் கூட்டிப் போகாமல் வைப்பதைக் குற்றம் என்கிறது. இரண்டு கம்பத்துக்கு நடுவில் முப்பது நாற்பது அடிக்கு மேல்கம்பி இழுத்து, வளையத்தில் சங்கிலியைக் கோத்தால் அந்த நீளம் முழுக்க ஓடிவரும். ஒன்று மேல்கம்பியில், இன்னொன்று அவிழ்த்துவிட்டு என்பது நல்ல ஏற்பாடு.

காட்டை ஒட்டிய தோட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நீலகிரி, வால்பாறை, சத்தியமங்கலம் மாதிரி சிறுத்தை நடமாடும் பகுதியில் வெளியே கட்டிவைத்த நாய், சிறுத்தைக்குக் கூப்பிட்டு வைத்த விருந்து. ராத்திரியில் கதவுள்ள கொட்டகைக்குள்தான் அடைக்கணும். குரைப்பு உள்ளிருந்தும் கேட்கும். யானை வரும் இடத்தில் நாயை வெளியே அவிழ்த்துவிடவே கூடாது. குரைத்து யானையைக் கிளப்பிவிட்டு, பயந்து நம்மிடமே ஓடிவரும், பின்னாலேயே யானையும் வரும்.

தீனி, தடுப்பூசி, சாணக் குழி

கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், மோர் என்று வளர்ந்தவைதான் நம் நாய்கள். அது போதாது. வாரத்தில் சில நாள் முட்டையோ கறிக்கடைக் கழிவோ வேகவைத்துச் சேர்க்கணும். வெந்த கோழி எலும்பு குடலைக் குத்தும், போடாதீங்க. இயற்கை விவசாயிகள் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆமணக்குப் புண்ணாக்கு நாய்க்குக் கொடிய விஷம். எலும்புத்தூளோடு கலந்து வைத்தால் அந்த மணத்துக்கே நக்கித் தின்னும். மூட்டையை உயரத்தில் வைங்க. வயலில் போட்ட அன்றே மண்ணோடு கிளறி மூடுங்க, இரண்டு மூன்று நாள் நாயை அந்தப் பக்கம் விடாதீங்க.

ரேபிஸ் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் போட்டு, மருத்துவர் சொல்கிறபடி மறு ஊசி, பிறகு வருஷத்துக்கு ஒன்று. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி அதற்கு முன்பே, ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கணும். டிஸ்டெம்பர் நாயோடு நிற்காது, நரிக்கும் செந்நாய்க்கும் தொற்றும். 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் செத்ததில் இந்தக் கிருமிக்குப் பங்கு உண்டு. தடுப்பூசிக்கு மூலிகை மாற்று கிடையாதுங்க, இதில் பிடிவாதம் வேண்டாம். உண்ணிக்கு வேப்பெண்ணெய் தடவலாம். ஆனால் மாட்டுக்குப் போடும் பூண்டு அரைப்பை நாய்க்குத் தடவக் கூடாது, நக்கிவிடும். பூண்டும் வெங்காயமும் அதன் ரத்தத்தைக் கெடுக்கும்.

நாய்ப் பீ எருக்குழிக்குப் போகவே கூடாது. அதில் உள்ள கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் கீரையோடும் வெறுங்காலோடும் நம் வீட்டுக்கே வரும். தனிக்குழி தோண்டி மூடுங்க, குடற்புழு மருந்தும் விடாமல் கொடுங்க. யாரையாவது நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போயிடணும்.

துப்பாக்கியும் அவுட்டுக்காயும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், பயிர்க் காவலுக்கென்று வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க இடம் இருக்கிறது. ஆனால் அந்த உரிமம் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இருட்டில் புதர் அசைந்தால் சுடுவது, அங்கே இருந்தது பக்கத்துத் தோட்டக்காரர் என்று பிறகு தெரிவது, இதெல்லாம் நம்ம மலையோர ஊர்களுக்குப் புதுசு இல்லை.

அவுட்டுக்காய் அதைவிட மோசம். பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வைத்த வெடி, கடிப்பது யார் என்று பார்க்காது. 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்தது. நம் மேய்ச்சல் மாடும் நாம் ஆசையாக வளர்த்த நாயும் அதைத்தான் முகரும். கரண்ட் வேலியும் அப்படியே. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே திருட்டு மின்வேலியில் ஒரே ராத்திரியில் மூன்று யானைகள் செத்தன, கூட வந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன, தோட்டக்காரர் சிறைக்குப் போனார்.

பன்றித் தொல்லைக்கு இப்போது வேறு வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள், நாம் இல்லை. இதற்குக் கிராம அளவில் ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., வனத்துறை ஊழியர் அடங்கிய குழு உண்டு. ஒருத்தர் தனியாகப் போவதைவிட, ஒரே தடத்தில் பன்றி இறங்கும் நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து மனு கொடுங்க. சர்வே எண், பயிர், எத்தனையாவது நாள் பயிர், கால் தடமும் பறித்த இடமும் தெரியும் தேதியிட்ட போட்டோ, இவை மனுவோடு இருக்கட்டும். பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்பதானால் மிச்சப் பயிரை அறுப்பதற்கு முன்பே வனத்துறையும் வருவாய்த் துறையும் வந்து பார்த்திருக்க வேண்டும். அறுத்த பிறகு போனால் காட்டுவதற்கு நம்மிடம் எதுவும் இருக்காது.