எழுதி வைத்தால் பிசகாது: மென்பொருள் கட்டமைப்புக் கோப்பு – ஓர் அறிமுகப் பாடம்

 

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது அது. நினைவை மட்டும் நம்பினால் நல்லவர்களுக்குள்ளும் தகராறு வரும் என்பது நாம் அறிந்ததே. கணினித் துறையிலும் இதே நிலைதான்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பிள்ளைகள் பலர் இன்று பைத்தான், ஜாவா படிக்கிறார்கள். நிரல் எழுதப் பழகும் அவர்கள், அந்த நிரலைத் தானாகச் சோதித்துத் தொகுக்கவைக்கும் கோப்பையும் எழுதக் கற்க வேண்டும். மென்பொருள் வேலைக்குப் போகும் எவருக்கும் இது தேவைப்படும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பதியும் சிறு மென்பொருளை மூவர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் வருமான வரம்பைச் சரிபார்க்கும் வரியை மாற்றிவிட்டு, சோதிக்க மறந்துவிடுகிறார். தகுதியுள்ள ஓர் ஏழை மாணவியின் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடுகிறது. “மறக்காதீர்கள்” என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, மாற்றம் வந்தவுடன் சோதனை தானாக ஓடும்படி எழுதி வைப்பதே பாதுகாப்பு.

இந்த முறை புதிதல்ல. 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை உருவாக்கினார். இன்று ஜென்கின்ஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எனப் பல கருவிகள் உள்ளன. கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைத்த திட்டங்களுக்கு இந்த வசதி இலவசம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். கோப்பை ‘யாம்ல்’ வடிவில் எழுத வேண்டும். அது நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது.

1. எப்போது? ‘ஆன்’ என்ற பகுதியில் ‘புஷ்’ என்று எழுதினால், நிரலில் மாற்றத்தை அனுப்பும் ஒவ்வொரு முறையும் வேலை தொடங்கும்.

2. எங்கே? ‘ரன்ஸ் ஆன்’ என்ற இடத்தில் எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று குறிக்கிறோம். உபுண்டு லினக்ஸ் போதும்.

3. எந்த வரிசையில்? ‘ஸ்டெப்ஸ்’ பகுதியில் படிகள் வரும்: நிரலை எடு, பைத்தானை நிறுவு, தேவையான நூலகங்களை நிறுவு, சோதனையை ஓட்டு. சென்னையிலிருந்து வரும் ரயில் திண்டிவனத்தில் நின்றுபோனால் விழுப்புரம் வந்து சேராது. அதுபோல ஒரு படி தோற்றால் அடுத்த படிகள் ஓடாது. பிழையுள்ள நிரல் வழியிலேயே தடுக்கப்படுகிறது.

4. ரகசியம் எங்கே? கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் ஒருபோதும் எழுதக் கூடாது. அதற்கென உள்ள ‘சீக்ரெட்ஸ்’ பகுதியில் வைத்து, கோப்பில் பெயரை மட்டும் குறிப்பிட வேண்டும். தவறி எழுதிவிட்டால் அழிப்பது மட்டும் போதாது. பழைய பதிவுகளில் அது இருக்கும். உடனே கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். பிறருடைய விவரங்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. யாம்ல் கோப்பில் வரியை உள்ளே தள்ள இடைவெளிக் கட்டையைத்தான் தட்ட வேண்டும். ‘டேப்’ கட்டை ஆகாது. மேக் கோப்பில் இதற்கு நேர்மாறாக, கட்டளை வரி டேப்பில்தான் தொடங்கும். அடுத்தது, பைத்தான் பதிப்பு 3.10 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இல்லையேல் கணினி அதைத் தசம எண்ணாக எடுத்து 3.1 என்று படித்துவிடும்.

பயிற்சி: இரண்டு எண்களைக் கூட்டும் நிரலும் அதற்கு ஒரு சோதனையும் எழுதுங்கள். மேலே சொன்ன நான்கு படிகளுடன் கோப்பை அமையுங்கள். பிறகு வேண்டுமென்றே நிரலைத் தவறாக்கி அனுப்புங்கள். சிவப்புக் குறி வரும். திருத்தி அனுப்பினால் பச்சைக் குறி வரும். இரண்டையும் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பாடம் மறக்காது.

வழிகாட்டுதல் தேவைப்படுவோர் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களிடம் கொண்டுசேர்த்துவரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு நம் ஊரிலேயே இருக்கிறது. பெற்றோர்கள் மகன்களை மட்டுமல்ல, மகள்களையும் இத்துறையில் ஊக்கப்படுத்த வேண்டுகிறோம். அடுத்த இதழ் வருவதற்குள் இப்பயிற்சியை முடித்துவிடுங்கள், இன்ஷா அல்லாஹ்.