சர்க்கரை நோய்க்கு ஆபரேஷனா?

நம்பிக்கை: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை என்பது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு சிகிச்சை.

உண்மை: அது லைபோசக்‌ஷன். அமெரிக்காவில் பருமனான 15 பெண்களுக்குத் தோலுக்கடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்துவிட்டுச் சில வாரம் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் மாற்றமே இல்லை. 2004இல் வெளியான ஆய்வு இது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடப்பது இரைப்பையிலும் குடலிலும்.

நம்பிக்கை: உடம்பு இளைப்பதால் மட்டுமே சர்க்கரை இறங்குகிறது.

உண்மை: பாதி சரி. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலில் சற்றுத் தள்ளி இணைக்கிறார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் வேகமாகக் கீழே இறங்குவதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் பல மடங்கு சுரக்கிறது. அது கணையத்தைத் தூண்டுகிறது. சாப்பாடும் வெகுவாகக் குறைவதால் கல்லீரல் கொழுப்பு கரைகிறது. ஆகவே எடை பெரிதாகக் குறையும் முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கிவிடலாம். வீடு திரும்பியவர் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழும் ஆபத்து உண்டு. புதிய அளவை எழுதி வாங்கிக்கொண்டுதான் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

நம்பிக்கை: ஆபரேஷனோடு சர்க்கரை நோய் ஒழிந்தது.

உண்மை: இப்படி விளம்பரம் செய்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. சுவீடனின் நெடுங்கால ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் இரண்டாம் ஆண்டில் 72 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து விலகியிருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 36 சதவீதம். நோய் வந்து பல வருடமானவர்களுக்கும், இன்சுலின் போட்டு வந்தவர்களுக்கும் பலன் குறைவாகவே நிற்கிறது. அதற்காக இதை ஒதுக்கவும் முடியாது. கிளீவ்லாந்தில் 150 பேரிடம் நடந்த ஆய்வில், ஐந்து ஆண்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை 6 சதவீதத்துக்குள் வைத்திருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், இரைப்பையைக் குழாய்போல் சுருக்கும் ஸ்லீவ் முறையில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. எந்த முறையானாலும் கண், சிறுநீரகப் பரிசோதனைகள் வருடந்தோறும் தொடர வேண்டும்.

நம்பிக்கை: 150 கிலோ இருப்பவர்களுக்குத்தான் இது.

உண்மை: 2016இன் சர்வதேச வழிகாட்டுதல்படி, மருந்தால் சர்க்கரை கட்டுப்படாத ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்) 27.5 முதலே பரிசீலிக்கலாம். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 75 கிலோ. டைப் 1 சர்க்கரை நோய்க்கு இது சிகிச்சை ஆகாது.

நம்பிக்கை: பிறகு மாத்திரையே வேண்டாம்.

உண்மை: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்கத் தேவை, ரத்தப் பரிசோதனையும்தான். வாந்தி நிற்காமல் போனால் தையமின் சத்து சில வாரங்களில் வற்றிவிடும். நடை தடுமாறினாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய், ஆபரேஷன் செய்துகொண்டதை முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் ஊசி போட வேண்டியிருக்கும்.