இளமீன்களின் மாரிக்காலம்

வெள்ளம் மீனுக்குப் பகையாகுமோ? நீரிலே பிறந்து நீரிலே வளரும் உயிருக்கு நீர் பெருகுவது நன்மையே என்று நாம் எண்ணுவோம். ஆயின், கலிபோர்னியாவின் சிற்றாறுகளில் வாழும் ஓர் இளமீனின் வரலாறு நமக்கு வேறொன்றை உணர்த்துகிறது.

அம்மீன் கோஹோ சால்மன் எனப்படும். கலிபோர்னியாவில் மாரியும் குளிரும் ஒருங்கே வரும். அப்பொழுது முதிர்ந்த மீன்கள் பசிபிக் பெருங்கடலினின்றும் ஆற்றினுள் புகுந்து, எதிர்நீச்சலிட்டு, பெரும்பாலும் தாம் பிறந்த ஓடையையே அடைகின்றன. தாய்மீன் வாலினால் பருக்கைக் கற்களை அகழ்ந்து, முட்டையிட்டு மூடுகிறது. பின்னர்ச் சின்னாளில் இறந்துபடுகிறது. இளவேனிலில் குஞ்சுகள் கல்லிடுக்கினின்றும் வெளிவருகின்றன. அவற்றைக் காக்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அவை ஏறத்தாழ ஓராண்டு நன்னீரில் வளர்ந்து, அடுத்த இளவேனிலில் கடலுக்குச் செல்லும்.

கோடையில் ஓடைகள் வற்றும் துன்பத்திற்குத் தப்பிய குஞ்சு, மாரி தொடங்குங்கால் ஒரு விரல் நீளமே இருக்கும். நீர் குளிருந்தோறும் அதன் நீந்தும் வலிமை குன்றும். அந்நிலையில் வெள்ளம் சீறி வருகிறது. எதிர்த்து நீந்தினால் ஆற்றல் அழியும்; வாளாவிருந்தால் வெள்ளம் அடித்துச் செல்லும். அது செய்வது யாது? அமைதியான இடம் நாடி ஒதுங்குகிறது. வீழ்ந்த மரத்தின் மறைவும், கரையோர மடுவும், பக்கக் கால்வாயும், வெள்ளம் பரந்த தாழ்நிலமும் அதற்குப் புகலிடங்கள். ஆங்குச் சிறு பூச்சிகளை உண்டு வளர்கிறது. நன்கு பருத்த குஞ்சே கடலில் பிழைக்கும் வாய்ப்பை மிகுதியும் உடையது.

இவ்வுண்மையை மனிதர் நெடுங்காலம் உணரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், ஆற்றில் கிடந்த மரங்களைக் குப்பையெனக் கருதி அகற்றினர். மீன்கள் மேலேறிச் செல்லத் தடையின்றி வழி செய்வதே அவர்தம் நோக்கம். நோக்கம் நன்று, விளைவோ தீது. கரைகளை நேராக்கியதாலும், தாழ்நிலங்களை ஆற்றினின்றும் பிரித்ததாலும் வெள்ளத்தின் விரைவு மிகுந்தது, ஒதுங்கிடம் அருகியது. காடழிப்பும் அணைகளும் கோடை நீர்க்குறைவும் உடன்சேர்ந்தன. கலிபோர்னியாவின் நடுக்கரைப் பகுதியில் வாழும் கோஹோ மீன்கள் 1996ஆம் ஆண்டில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகவும், 2005இல் அழியும் நிலையிலுள்ள இனமாகவும் சட்டப்படி அறிவிக்கப்பட்டன.

அப்பகுதியிலுள்ள ரஷ்யன் ஆற்றில் இவ்வினத்தைக் காக்க 2001இல் ஒரு முயற்சி தொடங்கிற்று. காட்டோடைகளில் எஞ்சிய இளமீன்களைப் பிடித்து, வளர்ப்பகத்தில் பேணி, அவற்றின் குஞ்சுகளை ஓடைகளில் விட்டனர். ஆயினும், ஒதுங்க இடமில்லாத ஓடையில் குஞ்சுகளை விடுவது கூரையில்லா வீட்டில் குழந்தையை விடுவது போன்றதன்றோ? ஆதலின், பெருமரங்களை வேரொடும் கொணர்ந்து ஆற்றில் கிடத்துகின்றனர். பக்கக் கால்வாய்களையும் வெட்டுகின்றனர்.

அன்று குப்பையென்று அகற்றிய மரத்தை இன்று மனிதரே சுமந்து சென்று ஆற்றில் இடுகின்றனர். ஆற்றைத் திருத்தப் புகுவோர், அதில் கிடக்கும் ஒவ்வொன்றும் எவ்வுயிர்க்கு இல்லமாகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.