வாசிப்பு நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள்

தொடக்கப் பள்ளியில் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்க வேண்டியது நூலகப் பீரோவின் சாவியை. நம் பள்ளிகளில் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. திட்டங்கள் வழியாக வந்தவை, ஊர்க்காரர்கள் கொடுத்தவை, வாசிப்பு இயக்க நூல்கள் என்று சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. கிழிந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில்தான் பல பள்ளிகளில் அவை பூட்டியே கிடக்கின்றன. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்தெடுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். புத்தகம் இருப்பதே பயன்படுவதற்காக என்பது முதல் விதி. கையில் எடுத்தால் கிழியத்தான் செய்யும். இதைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டால் ஆசையாகச் செய்வார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுக்க வேண்டாம். இருபது, இருபத்தைந்து புத்தகங்கள் போதும். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். முதுகு தெரிய அடுக்காமல் அட்டைப்படம் தெரிய வையுங்கள். செயல்வழிக் கற்றல் காலத்தில் கட்டிய கம்பிப் பந்தல் வகுப்பில் இன்னும் இருந்தால் அதை ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கை எட்டும் உயரத்துக்கு இறக்கிக் கட்டி, மெல்லிய புத்தகங்களை அதிலேயே தொங்கவிடலாம்.

அடுத்தது, தினமும் பதினைந்து நிமிடம் நீங்கள் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவது. இந்தக் கட்டுரையில் உள்ள எதைச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மதிய உணவு முடிந்து, வெயிலில் ஓடிக் களைத்துப் பிள்ளைகள் உள்ளே வரும் நேரம் இதற்குத் தோது. ஈராசிரியர் பள்ளி என்றால் எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்கார வையுங்கள். பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பது மற்ற பாடங்களில் பாரம். கதை நேரத்தில் அதுவே வசதி. சின்னவன் படத்தைப் பார்ப்பான், பெரியவள் வரியைப் பார்ப்பாள்.

கதை சொல்வது வேறு, கதை வாசிப்பது வேறு. இரண்டும் வேண்டும். சொல்லும்போது உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். வாசிக்கும்போது அச்சில் உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். தமிழ்க் குழந்தைக்கு இது மிக முக்கியம். வீட்டில் 'வந்துச்சு' என்று பேசி வளரும் பிள்ளைக்கு 'வந்தது' என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கும் மொழி. அதைக் காதால் கேட்டுப் பழகாமல் கண்ணால் எழுத்துக் கூட்டச் சொன்னால், கூட்டி முடித்த பிறகும் அவன் காதில் விழுவது அந்நியமான ஒரு சொல். தினமும் கேட்ட பிள்ளை, பாதி எழுத்திலேயே சொல்லைப் பிடித்துவிடுவாள். புரியாத சொல் வந்தால் பேச்சு வழக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போங்கள். அர்த்தம் எழுதிப் போட நிற்காதீர்கள். கேட்ட கதையையே மறுபடி கேட்டால் சலிக்காமல் மறுபடி வாசியுங்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு நீளமான கதையை நாளுக்கு ஒரு பகுதியாக வாசிக்கலாம். 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டது. சமூக அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் அது கைகொடுக்கும்.

வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். "கதையின் நீதி என்ன?" என்ற கேள்வியை வகுப்பறையிலிருந்தே அனுப்பிவிடுங்கள். கதைக்குப் பிறகு சோதனை காத்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை கதையைக் கேட்பதில்லை, பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தோன்றியதை நீங்கள் சொல்லுங்கள்: "அந்தப் பாட்டி அப்படிப் பேசியிருக்க வேண்டாம்னு எனக்குத் தோணுது." ஒரு பிள்ளை "இல்ல டீச்சர்" என்று எழும். அந்தப் பேச்சு போகிற வழியில் போகட்டும். மதிப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனி நேரம் வையுங்கள். பிள்ளையைத் தனியாக அருகில் அழைத்து வாசிக்கக் கேளுங்கள். வரிசையாக எழுந்து ஆளுக்கொரு பத்தி வாசிக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். தன் பத்தி எது என்று எண்ணிப் பார்க்கத்தான் அது பயன்படுகிறது. தடுமாறும் பிள்ளைக்கு அது எல்லோர் முன்பும் நடக்கும் அவமானம். இருவர் இருவராக ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுக்கட்டும். சத்தமாக இருக்கும், பரவாயில்லை.

நிலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. வாசிப்பு இயக்க நூல்களும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் உள்ளன. கற்பிப்பதற்கு இந்தப் பிரிவுகள் உதவும். ஆனால் வாசிப்பு மூலையில் அவற்றைக் காவல் வைக்கக் கூடாது. அரும்பு நிலைக் குழந்தை 'பற' புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும். யானைப் படத்துக்காகத்தான் எடுத்திருப்பாள். அந்த யானையின் பெயரைத் தெரிந்துகொள்ள அவளே யாரையாவது தேடிப் போவாள்.

எழுத்துக்கு வருவோம். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும், சொல்வதை எழுதுவதும், நான்கு கோடு நோட்டில் பக்கம் நிரப்புவதும் கைப்பயிற்சி. தன் மனதில் உள்ளதைத் தாளில் இறக்குவதுதான் எழுதுவது. முதல் வகுப்பிலேயே அதைத் தொடங்கலாம். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், 1963-இல் வெளியான 'டீச்சர்' நூலில் தன் முறையை விவரித்திருக்கிறார். குழந்தைக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்துவிடுவார். நம் பிள்ளைகளிடம் கேட்டால் 'ஜேசிபி' என்பார்கள், 'அம்மாச்சி' என்பார்கள். எழுதிக் கொடுங்கள். பாடநூல் வரிசையில் அந்த எழுத்து வர இன்னும் நான்கு மாதம் ஆகலாம். அந்தக் குழந்தைக்கு அது இன்றே வேண்டும்.

பிறகு வாக்கியம். "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு" என்று பிள்ளை சொன்னால், சொன்னபடியே பலகையில் எழுதுங்கள். 'எங்கள் ஆடு இரண்டு குட்டிகளை ஈன்றது' என்று மாற்றினால் அது உங்கள் வாக்கியமாகிவிடும். எழுத்து வழக்குக்கு மாறும் வேலையைக் கேட்ட கதைகளும் வாசித்த கதைகளும் மெல்ல மெல்லச் செய்யும். மூன்றாம் வகுப்பில் நீங்களும் உதவலாம்.

திருத்துவதில்தான் பல பிள்ளைகளின் ஆர்வம் செத்துப்போகிறது. தமிழ் எழுத்தில் குழந்தை தடுமாற நியாயமான காரணங்கள் உண்டு. 'கெ' என்று எழுதும்போது, பின்னால் கேட்கும் ஒலிக்கான கொம்பை முன்னால் போட வேண்டும். 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால். புள்ளி விடுபடும்; ல, ள, ழ இடம் மாறும். பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் வட்டமிட்டால், பிழை வராத சொற்களை மட்டும் எழுதப் பிள்ளை கற்றுக்கொள்ளும். முதலில் எழுதிய விஷயத்துக்குப் பதில் எழுதுங்கள்: "குட்டிக்கு என்ன பேர் வச்சீங்க?" வகுப்பில் பலருக்கும் வரும் பிழை ஒன்றை மட்டும் எடுத்து, வாரம் ஒருநாள் பலகையில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக் கொடுங்கள்.

எழுத உண்மையான காரணமும் வேண்டும். 'பசு' கட்டுரையை யாருக்காக எழுதுவது? காணாமல் போன ரப்பருக்கு அறிவிப்பு, காய்ச்சலில் படுத்திருக்கும் தோழிக்குக் கடிதம், பாட்டியிடம் கேட்டு எழுதிய ரசப்பொடிப் பக்குவம் ஆகியவற்றை வாசிக்க ஆள் இருக்கிறது. அவற்றைத் தாள் மடித்துத் தைத்து, எழுதியவர் பெயரோடு வாசிப்பு மூலையில் வையுங்கள். பிள்ளைகள் அதிகம் புரட்டுவது அந்தப் புத்தகங்களைத்தான். 4, 5-ஆம் வகுப்புகளுக்கு அரசு நடத்தும் 'ஊஞ்சல்' இதழுக்கும் அனுப்பிப் பாருங்கள்.

திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல இந்திய மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மொழியிலும் அச்செடுத்துச் சேர்த்துக் கட்டுங்கள். அந்தப் பிள்ளை தன் மொழியில் சொல்லி, படம் வரைந்து, கீழே தமிழில் ஒரு வரி எழுதினால் அந்த நாளுக்குப் போதும்.

"பாடத்தை எப்போது முடிப்பது?" என்று சக ஆசிரியர் கேட்பார். வாசிக்கப் பழகிய வகுப்பில் கணக்கின் வாக்கியக் கேள்வியை ஒவ்வொரு பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரம் மிச்சம். பாடக்குறிப்பேட்டில் கதை நேரத்தை வெளிப்படையாக எழுதுங்கள், ஒளிக்க வேண்டாம்.

வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு வரும்போது பதிவேடு கேட்பதற்கு முன் ஒரு குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அவளுக்குப் பிடித்த புத்தகத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். அவள் வாசித்து முடித்ததும் நீங்களும் எதுவும் கேட்காதீர்கள்.