பரணில் கிடைத்த துப்பாக்கியும் ஒரு மரக்கட்டையும்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஏற்காடு பக்கம் தலைச்சோலை. தாத்தா ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். பழைய வீட்டுப் பரணை ஒழித்தபோது சாக்கில் சுற்றிய துப்பாக்கி ஒன்று கிடைத்தது. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார், பர்மா சண்டையில் ஜப்பான்காரர்களைச் சுட்டது என்று அப்பா சொல்வார். லைசென்ஸ் எதுவும் அகப்படவில்லை. மேகசின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை அடைத்திருக்கிறது. இது அசலா? எவ்வளவு பழசு? என்ன விலை போகும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, எங்கள் ஹோம்ஸ்டே கூடத்தில் மாட்ட ஆசை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: உப்புத்தாளை முதலில் கீழே வையுங்கள். துப்பாக்கியையும் இனி தொட வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க நீங்களே போல்ட்டை இழுக்கக் கூடாது. குழல் வாயில் கண்ணை வைக்கவே கூடாது. ராணுவப் பணிமனையில் பல வருடம் துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். காலியாக இருக்கிறது என்று யாராவது சொன்ன துப்பாக்கியை, நானே திறந்து பார்க்காமல் ஒருநாளும் மேசையில் வைத்ததில்லை.

இன்றைக்கே ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு ஏற்காடு காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். உரிமம் இல்லாமல் கைக்கு வந்துவிட்ட ஆயுதத்தைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அதற்காகக் காரில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போய்விடாதீர்கள். தகவல் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்களுடையது சாதாரண வேட்டைத் துப்பாக்கி அல்ல, தடை செய்யப்பட்ட வகை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டிலிருந்து பதினான்கு ஆண்டு வரை சிறை. விலை பற்றிய கேள்விக்கும் இதுவே பதில்: இதை நீங்கள் விற்கவும் முடியாது, ஒருவர் வாங்கவும் முடியாது.

இனி அது என்ன துப்பாக்கி என்று பார்ப்போம். எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

போல்ட் கைப்பிடிக்குக் கீழே, கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் இருக்கும் பட்டையை உங்கள் மூன்றாவது படம் நன்றாகக் காட்டுகிறது. மேலே கிரீடம், அதன்கீழ் 'ஜிஆர்', பிறகு 'என்ஃபீல்டு', '1916', கடைசியாக 'எஸ்எச்டி எல்இ III' என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும். ஜிஆர் என்றால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு தொழிற்சாலையில் முதல் உலகப் போரின் நடுவே பிறந்த லீ-என்ஃபீல்டு இது. நம் ஊர் போலீஸ்காரர்கள் த்ரீ நாட் த்ரீ என்பார்களே, அந்தக் குடும்பம். நட்சத்திரத்துக்கும் பொருள் உண்டு. போர் அவசரத்தில் வேலையைக் குறைக்க, நெடுந்தூரக் குறிபார்ப்பான், மேகசினை அடைக்கும் தகடு போன்றவற்றை விட்டுவிட்டுச் செய்தார்கள். அந்த வடிவத்துக்கு 1916 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஆக, புது வடிவத்துக்கு அனுமதி வந்த அதே வருடத்துச் சரக்கு உங்களிடம் இருக்கிறது. அசல்தான்.

ஆனால் அந்த மரக்கட்டை! பூச்சி அரித்ததால் யாரோ ஒட்டுப்போட்டது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, அது அரசாங்கமே வைத்த கட்டை. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் பழைய த்ரீ நாட் த்ரீக்களை எடுத்து, 7.7 மில்லிமீட்டர் குழலை ஏறக்குறைய 10.4 மில்லிமீட்டருக்குக் குடைந்து, உள்வரிகளை அழித்து, .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசினைக் கழற்றிவிட்டு மரக்கட்டையை அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்த ஆயுதம் அது. கலகத்தில் யாராவது பிடுங்கிக்கொண்டாலும் ராணுவத் தோட்டாவைப் போட்டு ஒழுங்காகச் சுட முடியாது, அடுக்கடுக்காகவும் சுட முடியாது. ஆள்கிறவர்களுக்குத் தங்கள் காவலர் மேலேயே இருந்த பயம் அந்தச் சிறு கட்டையில் இருக்கிறது. எத்தனை புத்தகம் படித்தாலும் இவ்வளவு நேராக அது கண்ணில் படாது.

எனவே அப்பா சொன்ன கதையைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. மஸ்கட்டாக மாறிய துப்பாக்கியை பர்மாவில் ஜப்பானியர் எதிரே யாரும் தூக்கிப்போயிருக்க மாட்டார்கள். துரை கொடுத்தது என்பதும் இடிக்கிறது. 1920க்குப் பிறகு தோட்டத்துரைமார் பலர் இந்தியத் துணைப்படையில் சேர்ந்திருந்தது உண்மை. ஆனால் அவர்கள் பழகியது முழு த்ரீ நாட் த்ரீயில், அதுவும் படையின் சொத்து. உங்கள் துப்பாக்கியில் அம்புக்குறியும் அதன்கீழ் ஆங்கில 'ஐ' எழுத்தும் இருக்கிறதா பாருங்கள் என்று எடுக்க வருகிறவரிடம் சொல்லுங்கள். இருந்தால் இந்திய அரசின் உடைமை என்று அர்த்தம். அரசுத் துப்பாக்கி மேஸ்திரி வீட்டுப் பரணுக்கு எப்படி வந்தது என்பதுதான் இனி விசாரிக்க வேண்டிய கதை. தாத்தாவோ அவர் உறவினர் யாராவதோ காவல் வேலையில் இருந்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய உரிமப் பதிவு உண்டா என்று சேலம் கலெக்டர் அலுவலகத்திலும் மனுப்போடலாம்.

நிலைமை எப்படி என்றால், படத்தில் தெரிந்தவரை மோசமில்லை. ஏற்காடு ஐயாயிரம் அடி உயரம், வருடத்தில் பாதி நாள் மூடுபனி. சாக்கு ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கும். இரும்பு காப்பிக்கொட்டை நிறத்தில் கருத்திருப்பது நல்லதுதான், அது உட்கார்ந்துபோன பழைய துரு. விரலில் ஒட்டும் செம்பொடி இருந்தால்தான் கவலை. மோசமான துரு கண்ணுக்குத் தெரியாமல் கட்டைக்கு அடியில் இருக்கும். அந்தக் காலத்துத் தோட்டாவின் கேப்பில் இருந்த மருந்து, சுட்டபின் குழலுக்குள் உப்பை விட்டுப்போகும், உப்பு ஈரத்தை இழுக்கும். அதனால்தான் சுட்ட அன்றைக்கே குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள்.

உடலில் உள்ள எண்ணும் போல்ட் கைப்பிடியின் பின்னால் உள்ள எண்ணும் உங்களுடையதில் வேறு வேறு. முன் மூக்குத் தகட்டிலும், குறிபார்ப்பான் இலையின் அடியிலும், முன்கட்டையின் அடியிலும் எண் இருக்கும். அவையும் ஒத்துப்போகாவிட்டால் பல துப்பாக்கியின் உறுப்புகளைச் சேர்த்தது என்று கொள்ளலாம். மாறிய போல்ட் ஆபத்து. தோட்டாவின் பின்பக்கம் சரியாகத் தாங்காமல் வெடித்துச் சிதறக்கூடும். இதைச் சுடும் எண்ணமே யாருக்கும் வரக் கூடாது.

உப்புத்தாள் ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது புரிந்திருக்கும். கிரீடம், எண், அம்பு, பரிசோதகரின் பொட்டு முத்திரைகள் எல்லாம் தாளின் தடிமனுக்குத்தான் பதிந்திருக்கின்றன. ஒரு மதியத்தில் நூறு வருடம் போய்விடும்.

சரிசெய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது, அதிகாரிதான் சொல்ல வேண்டும். விலக்குக் கிடைக்காவிட்டால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வழி உண்டா என்று ஒப்படைக்கும்போதே மனுவில் கேளுங்கள். கூடத்துக்கு நல்ல புகைப்படம் ஒன்று போதும். காவல்துறை எடுத்துப்போகும் முன், அவர்கள் அனுமதியோடு, அந்தப் பட்டையின் இடப்பக்கத்தையும் படம் எடுத்துவையுங்கள். இஷாப்பூரில் மாற்றிய வருடம் அங்கே வெட்டியிருக்கலாம். இருந்தால் எனக்கு எழுதுங்கள்.