பாட்டுக்கு எக்கோ வேண்டும், பிரசங்கத்துக்கு வேண்டாம்
(இசைக்குழுவினருக்கான பாடம்)

பிரியமான தம்பி தங்கைகளே, சபையில் கீபோர்டு வாசிக்கிற, மைக் செட் கவனிக்கிற உங்களுக்காகவே இந்த மாதப் பாடம். மற்றவர்களும் வாசியுங்கள். காதில் விழாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் நீங்கள்தானே!

தகர ஷீட் போட்ட ஹாலில் ஆராதனைப் பாடல் நடக்கிறது. மைக்கில் நீளமான எக்கோ, கேட்க இனிமையாயிருக்கிறது. பாடல் முடிந்ததும் அதே மைக்கில் பாஸ்டர் செய்தியை ஆரம்பிக்கிறார். எக்கோவைக் குறைக்கவேண்டிய தம்பியோ டிரம்ஸ் பக்கம் நிற்கிறான்! ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏற, தகரமும் தன் பங்குக்கு முழங்குகிறது. "பாட்டு நல்லா இருந்துச்சு தம்பி, அப்புறம் என்ன பேசினாங்கன்னுதான் வெளங்கல" என்று கடைசி வரிசைப் பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்.

இதற்கு மிடி என்கிற வழி இருக்கிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், சீக்வென்ஷியல் கம்பெனி கீபோர்டையும் ஜப்பானின் ரோலண்ட் கீபோர்டையும் கேபிளால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள் ஒரே பாஷை பேசின. 1985-ல் வந்த யமஹா எஸ்.பி.எக்ஸ்.90 போன்ற எஃபெக்ட்ஸ் பெட்டிகளுக்கும் அந்தப் பாஷை புரிந்தது.

ஒன்றை நன்றாய் மனதில் வையுங்கள்: மிடி கேபிளில் சத்தம் போவதில்லை. இளம்பிள்ளைப் பக்கம் தறி ஓட்டுகிற நம் ஜனங்களுக்கு இது உடனே விளங்கும். ஜக்கார்டு அட்டையில் நூலா இருக்கிறது? வெறும் ஓட்டைதான். எந்த நூலைத் தூக்கவேண்டும் என்று அது சொல்லும், தறி செய்யும். அப்படியே மிடியும் கட்டளை மாத்திரமே. மைக்கின் சத்தம் வழக்கம்போல மிக்ஸர் வழியாகத்தான் எஃபெக்ட்ஸ் பெட்டிக்குப் போய்வரும்.

பெட்டியில் 1-ஆம் எண்ணில் பாடலுக்குரிய எக்கோவையும், 2-ஆம் எண்ணில் எக்கோவே இல்லாததையும் பதிந்துவையுங்கள். "2-க்குப் போ" என்கிற கட்டளைக்குப் பெயர் புரோகிராம் சேஞ்ச். அது போய்ச்சேர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வெளி மைதானக் கூட்டங்களுக்கு 3-ஆம் எண். அங்கே தகரம் இல்லையே என்று எக்கோவைக் கூட்டிவிடாதீர்கள். 34 மீட்டர் தள்ளிக் கட்டின ஹாரனின் சத்தம் நம்மிடம் வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், அதுவே ஒரு எக்கோதான்.

இனி தவறு நடக்கிற இடத்துக்கு வருவோம். கீபோர்டில் புல்லாங்குழல் சத்தத்துக்கு மாற்றினால் அதுவும் புரோகிராம் சேஞ்ச் கட்டளையாய் வெளியே போகும்! பெட்டி "ஆம்னி" நிலையில் இருந்தால் யார் கட்டளைக்கும் கீழ்ப்படியும். ஜெப நேரத்தில் மெதுவாய்ப் புல்லாங்குழல் வாசிக்கப் போய், மைக் குகைக்குள் பேசினதுபோல ஆகிவிடும். மிடியில் 16 சேனல்கள் உண்டு. பெட்டியை 16-ஆம் சேனலுக்கு மாத்திரம் செவிகொடுக்க வையுங்கள். அந்தச் சேனலில் கட்டளை அனுப்ப பெரிஞ்சர் எஃப்.சி.பி.1010 மாதிரி கால் பலகை ஒன்று போதும், வாசிக்கிறவரே மிதித்து மாற்றிவிடலாம்.

எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. சில பெட்டிகள் 0-விலிருந்தும் சில 1-லிருந்தும் எண்ணும். நீங்கள் 2 அனுப்ப 3 வந்தால் பெட்டி கெட்டுப்போகவில்லை, ஒன்றைக் குறைத்து அனுப்பிப் பாருங்கள். பழைய பெட்டிகள் சில, எண் மாறும்போது எக்கோவின் வாலைச் சட்டென்று அறுத்துவிடும். ஆகவே கடைசி சுரம் அடங்கினபின் மிதியுங்கள்.

இப்போதைய கீபோர்டுகள் பலவற்றில் வட்டமான ஐந்து ஊசி மிடி துவாரம் இல்லை, யு.எஸ்.பி. மாத்திரமே. கம்ப்யூட்டருக்கென்று வைத்த அந்தத் துவாரத்தை நேரே எஃபெக்ட்ஸ் பெட்டியில் சொருகினால் ஒன்றும் நடக்காது. நடுவில் கம்ப்யூட்டரோ, யு.எஸ்.பி. ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும். வாங்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

சனிக்கிழமைப் பயிற்சியில் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, 1-லும் 2-லும் ஒரே வாக்கியத்தை வாசித்து, என்ன கேட்டது என்று திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். காலி ஹால் அதிகமாய் முழங்கும். ஞாயிறு ஜனங்கள் நிரம்பினபின் அந்தப் பாட்டியிடமும் ஒருதரம் கேட்டுவிடுங்கள்.